ஒருத்தியின் காய்ச்சல் எல்லாருக்கும்

என் நாத்தனாரை வீட்டில் எல்லாரும் கொசு என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். சின்ன வயதில் குச்சி மாதிரி இருந்துகொண்டு, தூங்க விடாமல் காதருகே பேசிக்கொண்டே இருப்பாளாம். இப்போது அவள் இரட்டைப் பெண்குழந்தைகளுக்குத் தாய். உடம்பும் தேறவில்லை, பேச்சும் குறையவில்லை.

அவள் படித்தது கைப்பேசிக்கு ஆப் எழுதும் படிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அந்த வேலையில்தான் இருந்தாள். பிறகு வயிற்றில் இரண்டு என்று தெரிந்தது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டாள். அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வந்தால் விருந்தாளி மாதிரி சில வாரம் இருப்பார், பிறகு கடலோடு போய்விடுவார். அதனால் அவளும் பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள்.

பிள்ளைகளில் ஒருத்தி வாயாடி, இன்னொருத்தி மௌனச்சாமி. "சாப்பிட்டீங்களாடி?" என்று அடுப்படியிலிருந்து கேட்டால், "சாப்பிட்டோம்!" என்று வாயாடி இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுவாள். மௌனச்சாமியின் தட்டு அப்படியே இருக்கும். கொசு ஒருநாளும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டதில்லை. "உன்னைக் கேட்டா உன் வயித்தைப் பத்திச் சொல்லு. அவ வயித்தை அவகிட்ட நான் கேட்டுக்கறேன்" என்பாள்.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் வேலை தேட ஆரம்பித்தாள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. "இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" முதலில் பணிவாகப் பதில் சொன்னாள். பிறகு அலுத்துப்போய், "ரெண்டு பேரை மனுஷங்களாக்கிட்டு இருந்தேன்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அங்கிருந்து அழைப்பு வரவில்லை. வேறு எங்கிருந்தும்கூட வரவில்லை. சில நாள் அவள் பேசாமல் இருந்தாள். கொசு பேசாமல் இருந்தால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

கடைசியில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன ஆபீஸில் அவளை எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரம் இல்லை, பார்த்துச் சொல்கிறோம் என்ற பேச்சோடுதான். அந்த ஆபீஸை நடத்துகிறவருக்கு ஏதோ பெயர் உண்டு. இவள் வீட்டில் அவரைக் கண்ணாடி என்றே சொல்வாள். தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பாராம். துடைத்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாதாம்.

நான் வேலை பார்ப்பது தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில். வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் என் வேலை. எங்கள் இரட்டையும் அங்கேதான். காப்பகத்தை நடத்தும் அம்மாளை ஊரே டீச்சர் என்று கூப்பிடும். பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா என்று பெற்றவர்கள் நாள் முழுக்கப் போன் போட்டுக் கேட்பதில் டீச்சருக்குத் தலைவலி. அதைப் போக்க ஒரு ஆப் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை வீட்டில் சொன்னேன், கொசு அதை ஆபீஸில் சொன்னாள், கண்ணாடி ஒத்துக்கொண்டார். சாப்பாடு, தூக்கம், வருகை எல்லாவற்றையும் ஆபீஸில் இருந்த மற்றவர்கள் எழுதினார்கள். காய்ச்சல் பகுதியைக் கொசுவிடம் கொடுத்தார்கள். பிள்ளையின் உடம்புச் சூட்டைப் பார்த்து எண்ணைப் போட்டால், சூடு அதிகமாக இருக்கும்போது அந்தப் பிள்ளையின் படம் சிவப்பாக வேண்டும். பெற்றவர்களுக்குச் செய்தி போக வேண்டும்.

"இது மட்டும் ஒழுங்கா ஓடிச்சுன்னா வேலை உறுதின்னு சொல்லிட்டாரு அண்ணி" என்றாள். "ஓடலைன்னா மறுபடி அதே கேள்விக்குப் போய் உட்காரணும்."

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அவள் மேசை. ஒரு பக்கம் நான் காய் நறுக்குவேன், மறு பக்கம் அவள் மடிக்கணினியைத் தட்டுவாள். அவளுக்கு ஒரு பழக்கம். எழுதுவதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவர்கள் தொழிலில் ஆள் கிடைக்காவிட்டால் பொம்மையை வைத்துக்கொண்டுகூடப் பேசுவார்களாம்.

"நீங்க பதிலே சொல்ல வேண்டாம் அண்ணி. தலையை ஆட்டுங்க, போதும். சொல்லிட்டே வரும்போது எங்க தப்புன்னு எனக்கே தெரிஞ்சிடும்."

பதில் சொல்ல வேண்டாத வேலை எனக்குப் பிடித்த வேலை. ஆட்டினேன்.

"கிளாஸ்னா, பிள்ளைன்னா என்னென்ன இருக்கணும்னு எழுதி வெச்ச ஒரு அமைப்பு. பேரு, படம், உடம்புச் சூடு. ஆனா அது எந்தப் பிள்ளையும் இல்ல. அதை வெச்சு ஒவ்வொரு பிள்ளையா உண்டாக்குறோம்ல, அதுக்குப் பேரு இன்ஸ்டன்ஸ். அதுதான் நிஜப் பிள்ளை. சரியா?"

சரி.

"சில கேள்வியைக் கிளாஸ்கிட்டயே கேட்கலாம். இன்னிக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு கேட்க எந்தப் பிள்ளையையும் எழுப்ப வேண்டாம் பாருங்க. அது கிளாஸ் மெத்தட். சூடு எவ்வளவுன்னு கேட்கணும்னா, அந்தந்தப் பிள்ளையத்தான் தொட்டுக் கேட்கணும். அது இன்ஸ்டன்ஸ் மெத்தட்."

எனக்கு அது கஷ்டமாகத் தோன்றவில்லை. காப்பகத்திலும் அப்படித்தானே? எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று வாசலில் நிற்கும் டீச்சரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். யார் நெற்றி சுடுகிறது என்பது தொட்ட கைக்குத்தான் தெரியும்.

சோதனைக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று, இல்லாத ஒரு பிள்ளையை ஆப்பில் உண்டாக்கியிருந்தாள். அதற்குப் பூசணி என்று வாயாடி பெயர் வைத்தாள். படத்துக்கு ஒரு பூசணிக்காயையே போட்டார்கள். பாவம் பூசணி, அதற்கு வராத நோய் இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட வரும்போதெல்லாம், "பூசணி பொழைச்சுக்குமா?" என்று கேட்பார்.

ஒருநாள் சாயங்காலம் கொசு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் எழுதியதற்குக் கீழே, தப்பு இருந்தால் வரும் சிவப்புக் கோடு.

"காய்ச்சல் பக்கத்துலேர்ந்து சூட்டை மாத்தச் சொன்னா, எந்தப் பிள்ளை, எந்தப் பிள்ளைன்னு கேட்டு உயிரை வாங்குது அண்ணி. அந்தப் பக்கத்துல என் கையில பிள்ளையே இல்ல. எங்கேர்ந்து கொடுக்கறது?"

தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு சூட்டுக்கான வரியின் முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். சிவப்புக் கோடு சட்டென்று மறைந்தது. "போயிடுச்சு!" என்று கையைத் தட்டினாள். பூசணிக்கு எண்ணைப் போட்டாள். பூசணி சிவந்தது. அவள் கைப்பேசியில் செய்தி வந்தது. காய்ச்சல் இல்லாத எண்ணைப் போட்டாள், பச்சையானது.

"இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வரவெச்சு என்னா சந்தோஷம் பாரு" என்றார் அவள் அண்ணன்.

"நீ போய்க் கை கழுவுண்ணா. உனக்கென்ன தெரியும்" என்றாள் கொசு. நானும் சிரித்தேன். சிவப்பு போனதில் எனக்கும் சந்தோஷம்தான்.

மறுவாரம் அந்தக் காய்ச்சல் பகுதி காப்பகத்துக்கு வந்தது. டீச்சர் அகலமான ஒரு டேப்லெட்டை என் கையில் கொடுத்து, இனிமேல் இதில்தான் போட வேண்டும் என்றார். எல்லாப் பிள்ளைகளின் படமும் அதில் வரிசையாக இருந்தது. ஒன்றைத் தொட்டால் அந்தப் பிள்ளையின் பக்கம் திறக்கும். கொசு எனக்கு வீட்டிலேயே காட்டிக் கொடுத்திருந்ததால் பயமில்லை.

அன்று நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் சுருட்டை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுருட்டை முடிக்காரி, ஓர் இடத்தில் நிற்காதவள். அவள் சாய்ந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சூடு பார்க்கும் கருவியை வைத்தேன், நூற்றொன்று. அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, டேப்லெட்டில் அவள் படத்தைத் தொட்டு எண்ணைப் போட்டேன். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பார்த்தால் எல்லாப் படமும் சிவப்பு.

எங்கேயோ மாற்றி அமுக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நூற்றொன்று என்று இருந்தது. மிளகாய் காயப்போட்ட பாய் மாதிரி இருந்தது அந்தத் திரை. சமையல்காரம்மா எட்டிப் பார்த்து, "அம்மாடி, எல்லாத்துக்குமா ஒட்டிக்கிச்சு?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த குண்டுப் பையனுக்கு, எல்லாரும் உருளை என்று கூப்பிடும் பிள்ளைக்கு, கருவியை வைத்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் எண்ணைப் போட்டேன். எல்லாப் படமும் பச்சையாகிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் பார்த்தேன், சுருட்டையும் பச்சையாக இருந்தாள். என் தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் கன்னம் என் கழுத்தில் அடுப்பு மாதிரி இருந்தது. படத்தில் அவள் நன்றாக இருந்தாள்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் வந்தவர் முடிவெட்டுகிறவர். காதில் சீப்பு, சட்டையெல்லாம் முடி. "ஒருத்தரைப் பாதித் தலையோட உட்கார வெச்சிட்டு வந்துட்டேன், என் பையன் எங்க?" அவருக்குப் பின்னால் பெயின்ட் கையோடு ஒருவர், சீருடையில் ஒரு நர்ஸ், மூச்சு வாங்கியபடி ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒரு அம்மா. எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் அதே செய்தி: உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துச் செல்லவும். அதன் கீழேயே இன்னொன்று: உங்கள் குழந்தையின் உடல்நிலை சீராக உள்ளது.

"காய்ச்சலா இல்லையா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கம்மா!"

"வாயைத் திறந்து பதில் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

டீச்சர்தான் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வந்து, பெற்றவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக் காட்டினார். "பார்த்துக்கங்க. குளுகுளுன்னு இருக்கான். பார்த்துக்கங்க." பிள்ளைகளோ இத்தனை சீக்கிரம் அப்பா அம்மா வந்துவிட்டார்களே என்ற குஷியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கொசு வந்தாள். பை திறந்து கிடந்தது, தலை கலைந்திருந்தது.

"அண்ணி, ரெண்டுக்குமா? ரெண்டுக்குமே நூத்தியொண்ணா?"

தான் எழுதிய ஆப்பை நம்பி டயர் கடை மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். நான் இரட்டையைக் காட்டினேன். இரண்டும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பிறகு டேப்லெட்டைக் கொடுத்தேன். "சுருட்டைக்குப் போட்டேன், எல்லாம் சிவந்துச்சு. உருளைக்குப் போட்டேன், எல்லாம் பச்சையாச்சு. இவளும்" என்று தோளில் இருந்தவளைக் காட்டினேன்.

"எல்லாத்துலயும் அதே நம்பரா?"

தலையாட்டினேன்.

கொசு அப்படியே கிட்டத்தில் கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ" என்றாள். அவள் குரல் இத்தனை சின்னதாக நான் கேட்டதில்லை. "பிள்ளை மேல வைக்க வேண்டியதைக் கிளாஸ் மேல வெச்சிட்டேன் அண்ணி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு சூடு. யாருக்குப் போட்டாலும் எல்லாருக்கும் மாறும்."

"நான் தப்பா அமுக்கலையா?"

"நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க."

அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சுருட்டையின் அம்மா மட்டும் வரவில்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார். டிப்போவில் வண்டி நின்றபோது முதல் செய்தியைப் பார்த்து, மாற்று ஓட்டுநரைக் கேட்டு இறங்கியவர், இரண்டாவது செய்தியைப் பார்த்ததும் நிம்மதியாக மறுபடி வண்டியில் ஏறிவிட்டார் என்று டிப்போவில் சொன்னார்கள். பிள்ளைக்குச் சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தேன்.

"எந்த வழி பஸ்?" என்று கேட்டாள் கொசு. சொன்னேன். "நானே போய்ச் சொல்றேன்" என்று எழுந்து ஓடினாள்.

நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்தின் முன்வாசலில் ஏறி, ஓட்டுநரின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்.

"சரியாயிடுச்சுன்னு ஆப்ல வந்துச்சேம்மா?"

"அந்த ஆப்பை எழுதினதே நான்தாங்க. அது பொய் சொல்லுது."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஆப்பைப் பெத்தவளே சொல்றா, நம்புங்க" என்றாராம். அடுத்த பெரிய நிறுத்தத்தில் வேறு ஓட்டுநரை வரவழைத்து, அந்த அம்மாள் இறங்கி ஆட்டோவில் வந்தார். என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். நேரே டாக்டரிடம் போனார். சாயங்காலம் டீச்சருக்குப் போன் வந்தது. தொண்டைச் சளிதான், மருந்து கொடுத்தாயிற்று, பிள்ளை பாலைக் குடித்துவிட்டு அப்பாவை உதைத்துக்கொண்டு இருக்கிறாள். டீச்சர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சமையல்காரம்மா எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

கொசு தேநீரைத் தொடவில்லை. சுவரோரம் நின்றிருந்தாள்.

"டீச்சர், தப்பு என்னுது. ஆபீஸ்ல மத்தவங்க எழுதினதுல ஒண்ணும் இல்ல. அண்ணியும் சரியாத்தான் போட்டாங்க."

"எத்தனை பிள்ளைங்களை வெச்சு ஓட்டிப் பார்த்தே?"

"ஒண்ணு."

"ஒத்தைப் பிள்ளையை வெச்சா? ரெட்டைப் பிள்ளை பெத்தவ நீ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது, அடக்கிக்கொண்டேன். கொசு குனிந்துகொண்டாள். "ஒரு பிள்ளை மட்டும் இருந்தா தப்பே தெரியாது டீச்சர். கிளாஸ்ல இருந்தாலும் பிள்ளைகிட்ட இருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டாவது பிள்ளை வந்தாத்தான் குட்டு வெளிப்படும். பூசணியோட நிறுத்திட்டேன்."

"அது யாரு பூசணி?"

"இல்லாத பிள்ளைங்க" என்றேன் நான். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இதோ பாரும்மா. காலைல பெத்தவங்க எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டு. சரியா இருந்தா வெச்சுக்கறேன். இல்லேன்னா எனக்கு என் பழைய போனே போதும், உங்க ஆபீஸ்ல சொல்லிடு."

கொசு வெளியே போய்க் கண்ணாடிக்குப் போன் போட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லையாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு, "சரி. திருத்துங்க. காலைல என்ன ஆகுதுன்னு பார்த்துட்டுப் பேசலாம்" என்று வைத்துவிட்டார். இவளுக்கு அந்தச் 'சரி'யில் வேலை போய்விட்டது போலவே கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். எல்லாருக்கும் ஒரே சூடாக்கிய அந்த ஸ்டாட்டிக் என்ற சொல்லை அழித்தாள். அழித்ததும் சிவப்புக் கோடு ஒன்றில்லை, திரை முழுக்க வந்தது.

"வந்துடுச்சே" என்றேன், பயந்துபோய்.

"வரட்டும் அண்ணி. எந்தப் பிள்ளைன்னுதான் கேட்குது. நியாயமாத்தானே கேட்குது? அன்னிக்கே பதில் சொல்லியிருக்கணும், வாயை அடைச்சிட்டேன்." ஒவ்வொரு கோடாகப் போய், படத்தைத் தொடும்போதே அந்தப் பிள்ளையைக் கையோடு காய்ச்சல் பக்கத்துக்கு எடுத்துப் போகும்படி மாற்றினாள். மாற்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னாள். நடுவில் நிறுத்தி என்னை முறைத்தாள். "அன்னிக்கு ஸ்டாட்டிக் போட்டப்போ நீங்களும் தலையாட்டினீங்களே!"

"நீதானே ஆட்டினா போதும்னே."

அவள் சிரித்தாள். அன்று முழுக்க அப்போதுதான் சிரித்தாள். பூசணிக்கு இரண்டு தம்பி தங்கைகளை உண்டாக்கினாள். ஒன்று சுரைக்காய், இன்னொன்று புடலங்காய். புடலங்காய்க்குக் காய்ச்சல் வந்தது, மற்ற இரண்டும் சும்மா இருந்தன. எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியை மட்டும் கிளாஸிடமே விட்டுவிட்டாள். அது அங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். படுக்கப் போனவள் மறுபடி மறுபடி எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று காலையில் அவள் கண்ணைப் பார்த்தே தெரிந்தது.

காப்பகத்தில் பெற்றவர்கள் அன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாமல் நின்றார்கள். டீச்சர் எல்லார் போனையும் வாங்கி, செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக வைத்தார். சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார். டேப்லெட்டை என்னிடம் நீட்டினார்.

"நேத்து நீங்கதானே போட்டீங்க. இன்னிக்கும் நீங்களே போடுங்க."

அத்தனை பேர் முன்னால் எனக்கு விரல் வரவில்லை. கொசு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது. முடிவெட்டுகிறவரின் பையன் படத்தைத் தொட்டேன். நூற்றொன்று போட்டேன்.

ஒரு போன் அடித்தது. ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் தட்டின் மேல் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. எல்லாரும் இன்னும் ஏதாவது அடிக்குமா என்று காத்திருந்தார்கள். அடிக்கவில்லை.

"எனக்கு மட்டும்தானா?" என்றார் முடிவெட்டுகிறவர், மூஞ்சி தொங்கிப்போய். "நேத்துக் கூட்டமா இருந்துச்சு. கொஞ்சம் தெம்பா இருந்துச்சு." நர்ஸ் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அதில் எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இப்ப உருளைக்குக் காய்ச்சல் இல்லாத நம்பரைப் போடுங்க" என்றார். போட்டேன். உருளையின் படம் பச்சையாகவே இருந்தது, முடிவெட்டுகிறவரின் மகன் சிவப்பாகவே இருந்தான். நேற்று தப்பாகிப் போனது இந்த இடத்தில்தான். டீச்சர் குனிந்து திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சரி. போனை எடுத்துக்கிட்டு எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றார். கொசுவிடம் திரும்பி, "வெச்சுக்கறேன்" என்றார்.

பேருந்து ஓட்டும் அம்மாள் கடைசியாக வந்தார். சுருட்டையை வீட்டில் அவள் அப்பாவோடு விட்டிருந்தார். கொசுவின் முன்னால் நின்றார். இவள் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். "பஸ்ல ஏறி வந்து சொன்னியே" என்றார் அந்த அம்மாள். "அதுக்காக விடறேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா உன்னை ஏத்தாம ஓட்டிட்டுப் போயிடுவேன்."

"ஆகாதுங்க" என்றாள் கொசு.

எல்லாரும் போனதும் அவள் தூங்கும் அறைக்குள் போனாள். பிள்ளைகளுக்காக விரித்திருந்த பாயில் ஓரமாக உட்கார்ந்தாள். "அஞ்சு நிமிஷம் அண்ணி, ஆபீஸுக்குப் போகணும்" என்றாள். சொல்லும்போதே சாய்ந்துவிட்டாள். குட்டித் தலையணை ஒன்று அவள் கன்னத்துக்குக் கீழே இருந்தது. மௌனச்சாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் போர்வையைக் கொண்டுவந்து அம்மாவின் முழங்கால்வரை போர்த்திவிட்டுப் போனாள். அதற்கு மேல் அது எட்டவில்லை.

அவள் போன் அடித்தது. திரையில் கண்ணாடி என்றே பதிந்து வைத்திருந்தாள். சத்தத்தில் அவள் விழித்துவிடுவாளோ என்று பயந்து எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பேச வேண்டும் என்பது உறைத்தது.

"ஹலோ?" என்றது ஆண் குரல்.

"அவங்க தூங்குறாங்க."

"நீங்க?"

"அண்ணி. எழுப்பட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம்." துணியால் ஏதோ துடைக்கும் சத்தம் கேட்டது. "டீச்சர் இப்பத்தான் பேசினாங்க. இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாரும் ஒருநாள் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பயந்து அந்தச் சொல்லைச் சேர்த்தவங்கதான். நானும்தான். ஆனா நேத்தே, நாங்க கேட்கறதுக்கு முன்னாடியே, தானா போன் போட்டு என் தப்புன்னு சொன்னது இவங்கதான். எழுந்ததும் சொல்லுங்க, வேலை உறுதி ஆயிடுச்சு. நாளைக்கு வந்தா போதும், இன்னிக்குத் தூங்கட்டும்."

"சரிங்க" என்றேன். வேறு ஏதாவது நன்றாகச் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவர் வைத்துவிட்டார்.

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கதவை மெல்லச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டேன். கொசு லேசாக வாயைத் திறந்து தூங்கினாள். எழுப்பி உடனே சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. எழுப்பவில்லை. சொல்லாவிட்டாலும் அது எங்கேயும் போய்விடாது. போனை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கண் திறக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.